எனக்கு உன்னைத் தேடுகிறது

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்புச் சிறுகதையை வாசிக்க நேர்ந்தது. மூலம் பிரெஞ்சு, ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்திருந்தது. முதியோர் இல்லத்திலிருக்கும் ஒரு தாய் தன் மகனுக்கு எழுதும் கடிதத்துடன் கதை முடிகிறது. அந்தக் கடிதத்தின் கடைசி வரியைத் தமிழில் ஏறத்தாழ இப்படித் தந்திருந்தார்கள்: ‘உன்னை நான் மிகவும் தவறவிடுகிறேன்.’ மகனென்ன எட்டு மணிப் பேருந்தா, தவறவிடுவதற்கு? அதுவரை கலங்கியிருந்த மனம் அந்த இடத்தில் சட்டென்று விலகிக்கொண்டது. கதையை மூடி வைத்துவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர் முன் இருந்தது ஆங்கிலத்தின் ‘மிஸ்’. அதற்கு அகராதி தந்த முதற்பொருளை எடுத்துக்கொண்டார். இன்னொருவராக இருந்தால் ‘உன்னை மிஸ் பண்ணுகிறேன்’ என்றே எழுதியிருப்பார். இன்றைய தமிழ்ப் புனைகதைகள் பலவற்றில் அப்படித்தானே இருக்கிறது. என்னை உறுத்தியது வேறு. மூலத்தில் அந்தத் தாய் எழுதியிருக்கக்கூடிய வாக்கியத்துக்குத் தமிழ் மிக அருகில் நிற்கிறது. நடுவில் ஆங்கிலம் புகுந்து அந்த இரண்டையும் பிரித்துவிட்டது.

‘த்யு ம மாங்க்’. பிரெஞ்சில் மூன்றே சொற்கள். முதலாவது ‘நீ’. இரண்டாவது ‘எனக்கு’. மூன்றாவது ‘மாங்க்கே’ என்னும் வினையின் முன்னிலை வடிவம். இதில் எழுவாய் ‘நான்’ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தவிப்பவர் நான்தான், ஆனால் வாக்கியத்தில் எனக்குக் கிடைப்பது நான்காம் வேற்றுமையில் ஒரு சின்ன இடம். இங்கே இல்லாத நீயே எழுவாய். வினை உன்னைப் பார்த்தே திரிகிறது. மரியாதைக்குரியவரானால் ‘வூ ம மாங்க்கே’ என்று அவருக்கேற்ப மாறுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நீ எனக்கு இல்லாமலிருக்கிறாய்’ என்பது போல ஒன்று வரும். இல்லாமலிருப்பதை ஒரு செயலாக்கி, அதைச் செய்பவராக இல்லாதவரையே வைத்துவிடுகிறது அம்மொழி.

இந்த வினையிடம் நான் பாடம் கற்றது பாரீஸின் புறநகர் ஒன்றில், வந்தேறிகளுக்கான மாலை நேர மொழி வகுப்பில். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிறது. ஊரில் விட்டு வந்த ஒருவருக்கு ஐந்து வரியில் கடிதம் எழுதச் சொன்னார் ஆசிரியை. நான் அம்மாவுக்கு எழுதினேன். கடைசி வரியாக ‘ழ த மாங்க்’ என்று போட்டேன். ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘நான்’, ‘உன்னை’, வினை என்று வரிசையாக அடுக்கிய பெருமிதம். ஆசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இது உங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா தொலைபேசியில் சொன்னார்களா?” என்று கேட்டார். நான் எழுதியிருந்தது ‘நான் இல்லாமல் நீ ஏங்குகிறாய்’ என்று. அம்மாவின் ஏக்கத்தை அம்மாவுக்கே அறிவித்திருக்கிறேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த வரி பொய்யில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அன்றிரவு யோசித்தபோதுதான் என் பிழையின் வேர் புரிந்தது. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’, ‘எனக்கு வலிக்கிறது’ என்று பிறந்ததிலிருந்து பேசி வளர்ந்தவன் நான். உணர்பவனை நான்காம் வேற்றுமையில் உட்கார வைப்பது எனக்குப் புதிதே அன்று. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இந்த வினையிடம் தடுமாறுவதில் நியாயம் உண்டு. தமிழன் தடுமாறுவானேன்? பள்ளியில் ஆங்கிலத்தைக் கற்று, அந்த ஆங்கிலத்தின் தோளில் ஏறிப் பிரெஞ்சைப் பார்த்ததுதான் காரணம். நம்மிடையே பிரெஞ்சு கற்பவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகவே செல்கிறார்கள். ஆங்கில விளக்கமுள்ள இலக்கண நூல், ஆங்கிலப் பொருள் தரும் அகராதி. கையிலிருக்கும் விளக்கை அணைத்துவிட்டு அடுத்த வீட்டில் நெருப்புக் கேட்கப் போவது போன்றது இது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பிரெஞ்சில் ‘ம’, ‘த’ என்னும் சிறு சொற்கள் ‘என்னை’, ‘எனக்கு’, ‘உன்னை’, ‘உனக்கு’ ஆகிய எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே ‘ழ தே மாங்க்கே’ என்ற இறந்தகால வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. ‘உன்னைச் சந்திக்க வந்து தவறவிட்டேன்’ என்பது ஒன்று. ‘நான் இல்லாமல் நீ ஏங்கினாய்’ என்பது மற்றொன்று. சூழலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். படர்க்கைக்கு வந்தால் மட்டுமே ‘ழ லே மாங்க்கே’, ‘ழ லுய் ஏ மாங்க்கே’ என்று இரண்டும் வெளிப்படையாகப் பிரிகின்றன. தமிழில் ‘உன்னை’யும் ‘உனக்கு’ம் ஒருபோதும் ஒன்றையொன்று மறைப்பதில்லை.

இந்த வினையின் பிறப்பு இலத்தீனில். ‘மன்க்குஸ்’ என்றால் கை ஊனமுற்றவன், முடவன். அதிலிருந்து இத்தாலிய மொழியில் ‘மன்க்காரே’. பதினாறாம் நூற்றாண்டில் அங்கிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. ஓர் உறுப்புக் குறைவதுதான் அடிப்படைப் பொருள் என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் இன்று அது செய்யும் வேலைகள் ஏராளம். அவற்றைத் தமிழில் அடுக்கிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. ஆங்கில ‘மிஸ்’ஸைத் தூக்கி எறிந்துவிட்டு ‘தவறு’, ‘குறை’ என்னும் நம்முடைய இரண்டு வினைகளை எடுத்துக்கொண்டால் முக்கால் பங்கு வேலை முடிந்துவிடுகிறது.

ரயிலை மாங்க்கே செய்கிறோம்: தவறவிடுகிறோம். குறியை மாங்க்கே செய்கிறோம்: குறி தவறுகிறது. வாக்கை மாங்க்கே செய்கிறவன் வாக்குத் தவறுகிறான். கடமையை என்றால் கடமை தவறுகிறான். ஃப்ராய்ட் ஆராய்ந்த வாய்தவறல், கைதவறல்களுக்குப் பிரெஞ்சில் ‘ஆக்த் மாங்க்கே’, தவறிய செயல். இவற்றைவிட வியப்பானது ஒன்று. குடும்பத் தலைவர் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று இடக்கரடக்கலாகச் சொல்ல, ‘அவர் மாங்க்கே ஆக நேர்ந்தால்’ என்பது பழைய பிரெஞ்சு வழக்கு. ‘பெரியவர் தவறிவிட்டார்’ என்று நாம் சொல்வதற்கு இதைவிட நெருங்கிய உறவு வேறெந்த மொழியில் கிடைக்கும்?

‘குறை’யின் பக்கம் இன்னும் சுவையானது. சாம்பாரில் உப்பு மாங்க்கே: உப்புக் குறைகிறது. ‘இல் ந மாங்க் பா தேர்’ என்று ஒருவனைச் சொன்னால், ‘அவனுக்குக் காற்றுக் குறைவில்லை’ என்பது சொல்லுக்குச் சொல் பொருள். அவன் துடுக்கைக் கண்டு சொல்வது அது. ‘வாய்க்குக் குறைச்சலில்லை’, ‘கொழுப்புக்குக் குறைச்சலில்லை’ என்று நம்மூர்க் கிழவி சொல்வதும் அதுவே. மழையில் நனைந்து வீடு வந்து சேர்ந்தால் சாவியைக் காணோம். அப்போது பிரெஞ்சுக்காரர் சொல்வது ‘இல் ந மாங்க்கே ப்ளுய் க ஸா’. தமிழர் சொல்வது ‘இது ஒன்றுதான் குறைச்சல்’. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பாராமல் ஒரே சலிப்பை ஒரே உருவத்தில் வார்த்திருக்கின்றன. ஆங்கிலத்தின் வழியாக வருகிறவர் கைக்கு இவை எதுவும் அகப்படாது.

மயிரிழையில் தப்பியதைச் சொல்லவும் இதே வினை உதவும். படியில் விழ மாங்க்கே செய்தேன் என்றால் விழப் பார்த்தேன் என்று பொருள். சமையலறையிலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. சற்றே சாய்ந்த விளிம்புள்ள வட்டமான கேக் அச்சுக்கு ‘மூல் ஆ மாங்க்கே’, தவறிப்போனதற்கான அச்சு என்று பெயர். ஏதோ ஒரு பலகாரம் சரியாக வராமல்போனதிலிருந்து அந்தக் கேக் பிறந்தது என்று கதை சொல்வார்கள். எனக்குப் பிடிக்காத பயன்பாடும் ஒன்றுண்டு. மரமேறி விளையாடும் சுட்டிப் பெண்ணைக் ‘கார்ஸோன் மாங்க்கே’ என்பார்கள், தவறிப்போன பையன். ‘ஆணாய்ப் பிறந்திருக்க வேண்டியவள்’ என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதன் மறுபிறப்பு. ஒரு குழந்தையை இன்னொன்றின் குறையாகப் பார்ப்பதில் இரு நாட்டாருக்கும் போட்டி போலும்.

ஆனால் மனிதர் இல்லாமற்போவதைச் சொல்ல வரும்போது ‘தவறு’ம் ‘குறை’யும் கைவிட்டுவிடுகின்றன. ‘நீ எனக்குக் குறைகிறாய்’ என்றால் தமிழாகாது. இங்கேதான் அந்தச் சிறுகதை சறுக்கியது. இந்த வினை தன் முழு உயரத்துக்கு எழுந்து நிற்பதும் இங்கேதான்.

லமார்த்தீனின் ‘தனிமை’ என்னும் கவிதையைப் பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்தவர்கள் அறிவார்கள். அவர் நேசித்த ழூலி ஷார்ல் 1817-இன் இறுதியில் இறந்தார்; மறு ஆண்டு எழுதிய அக்கவிதை 1820-இல் வெளிவந்த தொகுப்பின் முதற்கவிதையாயிற்று. ஒரே ஒருவர் இல்லாமற்போனதால் உலகமே ஆளற்றுப்போவதைச் சொல்லும் ஒரு வரி அதில் உண்டு. அந்த வரியைத் தாங்கி நிற்கும் வினை மாங்க்கே. கவிதையை முழுதும் மறந்தவருக்கும் அந்த வரி மட்டும் பழமொழிபோல் நினைவிலிருக்கிறது. 1935-இல் ழிரோது தம் நாடகமொன்றில் அதை எடுத்து, ‘ஆளற்றுப்போகிறது’ என்பதன் முன்னொட்டை மட்டும் மாற்றி, ஒருவர் தொலைந்ததும் உலகம் மறுபடி ஆள்நிறைந்ததாகிறது என்று திருப்பிப் போட்டார். அரங்கில் சிரிப்பெழ வேண்டுமானால் மூல வரி அத்தனை பேருக்கும் மனப்பாடமாயிருக்க வேண்டும் அல்லவா?

அந்த மாலை வகுப்புக்கு மீண்டும் வருகிறேன். என் மேசைக்கு அடுத்து யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர் இருப்பார். நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைப்போம். அன்று அவர் எழுதியது ஒரே வாக்கியம்: ‘என் அண்ணா மாங்க்.’ ஆசிரியை பொறுமையாக விளக்கினார். யாருக்கு என்று சொல்லாவிட்டால் வாக்கியம் முடியாது. உங்களுக்கா, உங்கள் அம்மாவுக்கா? அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, அண்ணாவைக் காணேல்லை எண்டுறதை என்னண்டு எழுதுறது?” நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ஆசிரியை சற்றுநேரம் பேசவில்லை. பிறகு கரும்பலகையில் வேறொரு சொல்லை எழுதினார்: ‘திஸ்பார்யு’. காணாமற்போனவர். அரசாங்கத் தாளில் எழுதப்படும் சொல் அது என்றார். அதற்குக் கீழே மாங்க்கேயை எழுதி, இது உங்கள் சொல் என்றார்.

காணாமற்போதலுக்கு ‘யாருக்கு’ என்ற கேள்வி தேவையில்லை. ஒருவரைக் காணோம் என்றால் எல்லோருக்குமே காணோம். பதிவேட்டில் எண் போட்டுக்கொள்ளலாம். அணிவகுப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் வராதவனை ‘அழைப்புக்கு மாங்க்’ என்று பிரெஞ்சில் சொல்வார்கள். அங்கேகூட ஒரு ‘க்கு’ தேவைப்படுகிறது; கூப்பிடும் குரல் ஒன்று இருந்தாக வேண்டும். மனிதருக்கான ஏக்கத்தைக் குறிக்கையில் இந்த வினை, எதிர்ப்பக்கம் ஒருவரை நிறுத்தாமல் முழுமையடைவதில்லை. அக்கா அன்று தன் வாக்கியத்தில் ‘எனக்கு’ என்ற சொல்லைச் சேர்த்து எழுதினாரா, தெரியவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பின்னாளில் ஜார்ஜ் பெரெக்கிடம் மறுபடி கண்டேன். 1936-இல் பாரீஸில் பிறந்தவர். போலந்து யூதக் குடும்பம். தந்தை 1940-இல் போரில் இறந்தார். தாய் 1943 பிப்ரவரியில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார், திரும்பவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று அரசாணை சொன்னது 1958-இல். பெரெக் 1969-இல் ‘லா திஸ்பரிசியோன்’, ‘காணாமற்போதல்’ என்றொரு நாவலை வெளியிட்டார். ஏறத்தாழ முந்நூறு பக்கம். பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் எழுத்தை, ஆங்கிலத்தில் நாம் ‘ஈ’ என்று சொல்லும் எழுத்தை, நாவல் முழுவதிலும் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. பலர் இதை ஒரு சர்க்கஸ் வித்தையாகவே பார்த்தார்கள். ஆனால் அந்த எழுத்து இல்லையென்றால் பிரெஞ்சில் ‘தாய்’ என்று எழுத முடியாது. ‘தந்தை’ என்றும் எழுத முடியாது. பெரெக் என்ற அவருடைய குடும்பப் பெயரில் இருக்கும் ஒரே உயிரெழுத்தும் அதுதான்.

ஒருநாள் வேறெதற்காகவோ அந்த நாவலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நம்முடைய மூன்று சொல் வாக்கியத்தை அந்த விதிக்கு உட்படுத்திப் பார்த்தேன். ‘த்யு ம மாங்க்’. வினையில் அந்த எழுத்து இருக்கிறது, போய்விடும். ‘எனக்கு’ என்பதிலும் இருக்கிறது, அதுவும் போய்விடும். மிஞ்சுவது ‘நீ’ மட்டும். ‘அவர் இல்லாதிருந்தார்’ என்று படர்க்கையில், தொடர் இறந்தகாலத்தில் எழுதலாம். அந்த வடிவத்தில் தடைசெய்யப்பட்ட எழுத்து இல்லை. நிகழ்காலத்தில், தன்மை ஒருமையில், ‘எனக்கு’ என்று மட்டும் சொல்ல வழியில்லை. காணாமற்போதல் என்ற அரசாங்கச் சொல்லை நூலின் தலைப்பாக வைக்க அந்த விதி இடம் தருகிறது. தாயை இழந்த பிள்ளையின் வாக்கியத்துக்கு இடம் தருவதில்லை. பெரெக் இதைக் கணக்கிட்டுச் செய்தார் என்று நான் வாதிட மாட்டேன். விதி அப்படி விழுகிறது, அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கில்பர்ட் அடேர் 1994-இல் அந்த நாவலை ஆங்கிலத்தில் தந்தபோது அதே எழுத்தை விலக்கினார். ஆங்கிலத்திலும் அதுதான் மிகுதி. 1997-இல் ஸ்பானிய மொழியில் பெயர்த்தவர்களோ ‘ஏ’ என்னும் எழுத்தை விலக்கினார்கள். தங்கள் மொழியில் எது இல்லாவிட்டால் அதிகம் வலிக்குமோ அதை எடுத்தார்கள். மூலத்துக்கு உண்மையாக இருப்பதென்றால் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால், அந்தத் தாயின் கடைசி வரிக்குத் தமிழில் என்ன செய்யலாம்?

பிரிவுத்துயருக்கு நம்மிடம் சொற்பஞ்சம் இல்லை. ஏங்குகிறேன், வாடுகிறேன், தவிக்கிறேன், உருகுகிறேன். வள்ளுவர் பிரிவாற்றாமைக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆனால் இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் எழுவாய் நான்; என் நிலையை நான் விவரித்துக்கொள்கிறேன். பிரெஞ்சு வாக்கியம் அவ்வாறு தன்னைப் பார்த்துக்கொள்வதில்லை. மேலும், முதியோர் இல்லத்துத் தாய் ‘உனக்காக ஏங்குகிறேன்’ என்று எழுதினால் அதில் ஒரு முறையீடு ஒலிக்கும். மாங்க்கேயில் அது இல்லை. அலுவலக நண்பருக்கும் அதைச் சொல்லலாம். ஊரின் வெயிலுக்கும் சொல்லலாம், விட்டுவிட்ட சிகரெட்டுக்கும் சொல்லலாம்.

எனக்கு விடை கிடைத்தது தொலைபேசியில். தொலைபேசி அட்டையைச் சுரண்டி எண்களை அழுத்தி, நிமிடங்களை எண்ணிப் பேசிய காலம். மொழி வகுப்பில் நடந்ததை அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவளுக்குப் பிரெஞ்சின் வேற்றுமை உருபுகளில் அக்கறை ஏதுமில்லை. “என்னவோப்பா, ரெண்டு நாளா உன்னையத் தேடுது” என்றாள்.

தேடுது. எங்கள் தென்மாவட்டங்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலைக்கு வெளியூர் போன தகப்பனைப் பிள்ளைக்குத் தேடும். புகுந்த வீட்டில் புதுப்பெண்ணுக்கு அம்மாவைத் தேடும். ‘புள்ளைக்குத் தேடிருச்சு’ என்று சொல்லி, சுருண்டு கிடக்கும் குழந்தையைத் தகப்பனிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவார்கள். இந்தத் ‘தேடுது’, தொலைந்த பொருளைத் தேடுகிற ‘தேடுகிறேன்’ அன்று. இங்கே யாரும் எழுந்து போய்த் தேடுவதில்லை. எனக்கு உன்னைத் தேடுகிறது. தேடல் என்னிடத்தில் நிகழ்கிறது. ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’, ‘எனக்கு உன்னைத் தெரியும்’ ஆகியவற்றின் அச்சிலேயே வார்த்த வாக்கியம். உணர்பவர் நான்காம் வேற்றுமையில். ‘ம’வின் இடத்தில் நம் ‘எனக்கு’.

முழுப் பொருத்தம் என்று சொல்ல மாட்டேன். பிரெஞ்சில் இல்லாதவர் எழுவாயாக நிமிர்ந்து நிற்கிறார். தமிழில் அவர் ‘உன்னை’ என்று இரண்டாம் வேற்றுமையில் இருக்கிறார். எழுவாய் என்று சுட்ட எவருமில்லை. ஒரு மொழி பிரிவை இல்லாதவர் செய்யும் செயலாகச் சொல்கிறது. இன்னொன்று, மழை பெய்வதுபோலத் தானே நிகழ்வதாகச் சொல்கிறது. ஆயினும் ‘நான்’ என்ற சொல்லை முன்னே தள்ளாமல் இருப்பதில் இரண்டும் ஒன்று. இறந்தவருக்கும் இரண்டிலும் நிகழ்காலமே வரும். அம்மா தவறி எட்டு ஆண்டுகளாகின்றன. இன்றும் நான் பிரெஞ்சில் சொன்னால் அவள் நிகழ்கால வினையின் எழுவாய். தமிழில் சொன்னால் எனக்கு அவளைத் தேடுகிறது.

பேச்சு வழக்கு, வட்டார வழக்கு, எழுத்துக்கு ஆகாது என்பார்கள். பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குப் பெயர்க்கும் மரபு நம்மிடம் இல்லாமலில்லை. ‘அந்நிய’னையும் ‘குட்டி இளவரச’னையும் அப்படித்தான் பெற்றோம். அந்தத் தடத்தில் வருகிறவர்களேனும் துணிய வேண்டும். ‘மிஸ் பண்ணுகிறேன்’ எழுத்தில் ஏறிவிட்ட பிறகு ‘தேடுகிற’துக்கு மட்டும் வாசலில் என்ன விசாரணை?

அந்தச் சிறுகதையை மொழிபெயர்த்தவர் எனக்கு அறிமுகமானவர்தான். கடைசி வரிக்கு ‘எனக்கு உன்னைத் தேடுகிறது’ என்று போடலாமே என்று எழுதினேன். பிடித்திருக்கிறது, ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர் எழுவாய் எங்கே என்று கேட்பார் என்று பதில் வந்தது. அப்படிக் கேட்டால், ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லும்படி எழுதியிருக்கிறேன்.